ரசமட்டம் வீட்டுக் குளியல் தண்ணீர்

மேல்தெருவில் ஓய்வுபெற்ற தலைமை நில அளவையரின் மனைவி காலையில் குளித்தால், கீழ்த்தெருவில் மருந்துக்கடைக்காரர் குனிந்துதான் தம் கடைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அந்த அம்மா குளித்த தண்ணீர் குளியலறைக் கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தெரு கீழே இறங்கியபோது தான் இறங்காமல், புறப்பட்ட அதே மட்டத்தில் அந்தரத்தில் விரிந்து நின்றது. கண்ணாடித்தாள் கனம்தான் இருக்கும். மேல்தெருவில் கணுக்காலுக்கு வந்தது, தபால் நிலையத் திருப்பத்தில் முழங்காலுக்கு, தையற்கடை வாசலில் இடுப்புக்கு, சீட்டாட்ட மன்றத்தின் முன்னால் மார்புக்கு, மருந்துக்கடையை நெருங்கும்போது கழுத்துக்கு. கையால் விலக்கினால் சிலந்திவலை போல விலகி, ஆள் போனதும் சேர்ந்துகொள்ளும். லேசாகச் சோப்பு வாசனை அடிக்கும். மதியத்துக்குள் காய்ந்துவிடும், மறுநாள் அந்த அம்மா குளித்தால் மறுபடி வரும். அந்த மாதம் வெங்காயம் விலை ஏறிக் கிடந்ததால் ஊரில் முதல் சில நாட்கள் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அளவையரை ஊரில் ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர் அது. உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருக்கும், தரை சரியாக இருந்தால் அது நடுவில் வந்து நிற்கும். அளவையருக்குள்ளும் அப்படி ஒரு குமிழ் இருந்தது. அது நடுவை விட்டு நகர்ந்ததாக அவருக்கு நினைவில்லை. பணியில் இருந்த காலத்தில், அவர் வரைபடத்தில் குறித்ததைவிட ஒரு மலை கொஞ்சம் உயரமாக இருப்பதாக உதவியாளர் ஒருவர் வந்து சொன்னபோது, "அது இறங்கிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மழையில் அது இறங்கியும் விட்டது. இதற்குப் பிறகு அப்படிப்பட்ட ஒரு மனிதரிடம் யார் என்ன பேச முடியும்? ஓய்வுபெற்ற பின் அளப்பதற்கு மலைகள் கிடைக்காததால், வீட்டில் மாட்டியிருந்த படங்களை அளந்தார். கல்யாண வீடுகளில் சாப்பாட்டு மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எழுந்து கைகழுவிவிட்டு வந்துவிடுவார். அழைத்தவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய மனைவி வேலை பார்த்தது தொலைபேசி நிலையத்தில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரையும் வெளியுலகத்தையும் இணைத்துவிட்டபடி வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். ஊர் அவரை டெலிபோன் அம்மா என்றது. 'சொல்லுங்க' என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமும் அவருக்குத் தெரியும். அதைக் கேட்டவுடன் முரட்டு வியாபாரிகள்கூடத் தங்கள் எண்ணை மறந்துவிட்டுக் குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம். இப்படி ஊரே அவரிடம் எதையாவது சொன்னது. வீட்டில் ரசமட்டம் மட்டும் எதையும் சொன்னதில்லை, அறிவித்தார்.

டெலிபோன் அம்மா விழுந்தது பழைய குளியலறையில். ஷவருக்குக் கீழே இருக்கும் இடத்தைச் சுற்றி ரசமட்டம் ஒரு தடுப்புக் கட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வராது என்று விருந்தாளிகளை அழைத்துப்போய்க் காட்டுவார். தண்ணீர் வரவில்லை என்பது உண்மைதான். ஆட்களும் சுலபமாக வெளியே வர முடியாத உயரத்தில் அது இருந்தது. ஒரு நாள் காலையில் அதன்மேல் கால் தடுக்கி அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. "பார்த்து நடக்கத் தெரியாது அவளுக்கு" என்று ரசமட்டம் ஆம்புலன்ஸ்காரரிடமும், மருத்துவரிடமும், பார்க்க வந்தவர்களிடமும் அறிவித்தார். மனைவி படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் இருந்த வாரங்களில் யார் யாரோ வந்து அவரைப் புரட்டிக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டிக்கொண்டே தங்களுக்குள் சம்பள உயர்வு பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிமே சாகுற வரைக்கும் என்னை யாரும் குளிப்பாட்டக் கூடாது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நானே குளிப்பேன். அதுக்கு என்ன வழியோ பண்ணுங்க."

வழி இருந்தது. சக்கரம் வைத்த குளியல் நாற்காலியில் உட்கார்ந்து அவரே உருட்டிக்கொண்டு ஷவருக்கு அடியில் போய்விடலாம். நடுவில் கட்டு, படி, விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது. மருத்துவர் இதை, "குளியலறைத் தரை பூராவும் ஒரே மட்டமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் கட்டை இடிக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். ரசமட்டத்திடம் சொன்னது, ஓய்வுபெற்ற தளபதியிடம் போய் எல்லையில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்த மட்டக்கருவி இறங்கியது. அதன் முக்காலி குளியலறையின் நடுவில் நின்றது. துறையிலிருந்து விடைபெற்ற அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். அது மிகையாக இருக்கலாம்.

தரை போட வந்த டைல்ஸ்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. தாம் ஒட்டிய டைல்ஸைப் பெயர்க்க வேண்டுமானால் வீட்டைத்தான் பெயர்க்க வேண்டும் என்று சொல்லித் திரிகிறவர். வழக்கம்போல வடிகால் ஓட்டையைப் பார்க்கச் சாய்வு வைத்து ஒட்டினார். அந்தச் சாய்வுக்குத் தொழிலில் வாட்டம் என்று பெயர். ரசமட்டம் கருவி வழியாகப் பார்த்தார், பெயர்க்கச் சொன்னார். வீடு பெயராமலேயே டைல்ஸ் பெயர்ந்தது. மறுபடி ஒட்டியதும் கொஞ்சம் வாட்டத்தோடுதான் இருந்தது, கை பழக்கம். அதையும் பெயர்க்கச் சொன்னார்.

"சார், தண்ணிக்கு வாட்டம் வேணும் சார். இல்லன்னா அது எங்க போகும்?"

"மட்டமான தரையில ஒரு ஓட்டை இருக்கு. தண்ணி அதுல போகும். உனக்கு விஞ்ஞானம் தெரியாது."

"தண்ணிக்குத் தெரியுமா சார்?"

ரசமட்டம் மறுபடி கருவியில் கண்ணை வைத்தார். டைல்ஸ்காரரும் வற்புறுத்தவில்லை. வேலை நீண்டால் கூலியும் நீளும், பின்னால் யாராவது கேட்டால் 'சார் சொன்னாரு, நான் போட்டேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான் உலகத்தில் பாதிக் கட்டடங்கள் நிற்கின்றன. கடைசியில் தரை வந்தது. அதன்மேல் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஊதினால் ஊதிய பக்கம் போகும், அதுவும் யோசித்துத்தான் போகும்.

அன்று டெலிபோன் அம்மா தாமே நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, ஷவரைத் திறந்தார். மாதக்கணக்கில் காணாத தனிமை அது. உள்ளே அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டதாகவும், அது பாட்டாக இருக்கலாம் என்றும் மகள் பிற்பாடு சொன்னாள். தண்ணீர் தரையில் விழுந்து, கொஞ்சம் தயங்கியது. எந்தப் பக்கமும் கீழ்ப்பக்கமாக இல்லாததால் எல்லாப் பக்கமும் கிளம்பியது. வடிகால் ஓட்டையைப் பிடிக்காத சொந்தக்காரரைத் தெருவில் பார்த்த மாதிரிக் கண்டும் காணாமல், அதன்மேல் அந்தரத்தில் அப்படியே தாண்டிப் போனது. கதவுக்கு அடியில் புகுந்து, கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ரசமட்டத்தின் கால்களை நனைத்துவிட்டு, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. இல்லை, இறங்காமல் போனது. அவ்வளவு சுத்தமான மட்டம் கிடைத்த பிறகு அதை விட்டுக்கொடுக்கத் தண்ணீருக்கு மனம் வரவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. எந்த ஊர்தான் எதற்குத்தான் பழகவில்லை? பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தலைக்கு மேல் குடை பிடித்துக் கூட்டிப்போனார்கள். உயரமானவர்கள் கீழ்த்தெருவில் கழுத்தை நீட்டி, தண்ணீருக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு ஆமை போல நடந்தார்கள். நடந்து போகிறவர் சட்டையில் ஈரக்கோடு விழும், கோட்டின் உயரத்தைப் பார்த்தால் அவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று தெரிந்துவிடும். தபால் நிலையம் வரை போனேன் என்று சொன்ன கணவர்களின் சட்டையில் மார்பளவு ஈரம் இருந்தது. சீட்டாட்ட மன்றத்தில் காலை ஆட்டம் அந்த வாரத்தோடு நின்றது. இன்னொரு பக்கம், தெரு ஏறுகிற மேட்டில் இருந்த வீடுகளின் சுவரில் தண்ணீர் முட்டிக் கோடு போட்டு நின்றது. அந்தக் கோட்டுக்கு மேலே வாசல் இருந்த குடும்பங்கள் இதைத் தங்கள் பரம்பரைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டன. "நாங்க தண்ணிக்கு மேல" என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் படிப்பு, வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, "வீடு தண்ணிக்கு மேலயா கீழயா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். வங்கி மேலாளரின் வாசல் கோட்டுக்கு ஒரு விரற்கடைதான் மேலே இருந்தது. மற்ற எல்லோரையும்விட அவர்தான் இதைப் பற்றி அதிகம் பேசினார்.

பழகிக்கொள்ள முடியாதவர் டெலிபோன் அம்மாதான். யாரும் பார்க்காமல் குளிக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். இப்போது அவர் ஷவரைத் திறந்தால் ஊருக்கே தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தலை துவட்டும்போது தெருவில் பேசிக்கொண்டு போவார்கள். "அம்மா இன்னைக்கு லேட்டு போலிருக்கே." "தலைக்குக் குளிச்சிருக்காங்கண்ணே, தண்ணி கெட்டியா இருக்கு பாருங்க." "சோப்பை மாத்திட்டாங்க, பழசுதான் எனக்குப் புடிச்சிருந்தது." கேட்டதில் இருந்து அவர் ஷவரை நூலளவுக்குத் திறந்து, திருட்டு வேலை செய்கிறவர் மாதிரி அவசர அவசரமாகக் குளித்துவிட்டு வெளியே வந்தார். முதுகில் சோப்பு நுரை அப்படியே இருக்கும். முணுமுணுப்பு நின்றுபோனது.

தண்ணீரை நிறுத்த ரசமட்டம் செய்யாதது இல்லை, செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர. முதலில் ஷவரைச் சுற்றிக் கனத்த திரை கட்டினார். பறக்காமல் இருக்க அடியில் ஈயக் குண்டுகளைத் தைக்கச் சொன்னார். தண்ணீர் குண்டுகளுக்கு இடையில் நுழைந்து போய்விட்டது, திரை மட்டும் அம்மாவின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிறகு வீட்டில் இருந்த துண்டுகளையெல்லாம் சுருட்டிக் கதவடியில் போட்டார். அவை நனைந்து, தாங்களும் மிதந்து, மேல்தெரு வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு நீலத்துண்டு தையற்கடைக்காரர் இடுப்பில் போய்ச் சுற்றிக்கொண்டது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு ரப்பர் கட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஓட்டைக்குள் விடப் பார்த்தார். அது ஓட்டைக்கு மேலாகவே போய் எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் தரையை யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "தரையில ஒரு தப்பும் கிடையாது. தண்ணி சரியில்ல, நகராட்சித் தண்ணி" என்பார்.

வெளியூரில் இருந்த மகள் ஒரு ரப்பர் பட்டை வாங்கி அனுப்பினாள். ஷவர் இடத்துக்கும் மற்றத் தரைக்கும் நடுவில் குறுக்காக ஒட்டிவிட வேண்டியது. நாற்காலிச் சக்கரம் ஏறினால் படுத்துக்கொள்ளும், இறங்கியதும் எழுந்து நின்று தண்ணீரை மறிக்கும். நல்ல சாமான்தான், ஊரில் வேறு எந்த வீட்டிலும் வேலை செய்திருக்கும். இங்கே தண்ணீர் பட்டைக்குப் பின்னால் பட்டையின் உயரத்துக்கு ஏறியது. ஏறிய பிறகு அந்தப் புது உயரத்திலேயே ஊரெல்லாம் கிளம்பிவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு மூக்குக்கு வந்தது. அது பரவாயில்லை, மருந்துக்கடைக்காரர் சாதாரண மனிதர். வங்கி மேலாளரின் வாசலைத் தாண்டி உள்ளே போய், சோபாவுக்கு அடியில் புகுந்து, அவருடைய மாமியாரின் செருப்பை நனைத்துவிட்டது. மேலாளர் தண்ணிக்குக் கீழே போய்விட்டார். அன்று காலையே அவர் நகராட்சியில் போய் நின்றார்.

ஊரில் பாதிப்பேர் மாதக்கணக்கில் கழுத்தளவு ஈரத்தோடு நடந்தபோது நகராட்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது உடனே கிடைத்தது. நகராட்சிப் பொறியாளர் தம் மட்டக்கருவியோடு வந்து குளியலறையை அளந்தார். அளந்துவிட்டு வெகுநேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சார், இப்படி ஒரு மட்டத்தை நான் புஸ்தகத்துலகூடப் பார்த்தது இல்ல சார்."

"தெரியும்" என்றார் ரசமட்டம்.

"இதை உடைக்கணும் சார். இல்லன்னா பழையபடி கட்டுக் கட்டித் தண்ணியை உள்ளயே நிறுத்தணும். ரெண்டுல ஒண்ணு பண்ணலன்னா உங்க வீட்டுக் குழாய் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிட்டாங்க."

பக்கத்தில் நின்ற டைல்ஸ்காரர், ஓட்டையைச் சுற்றி நாலு வரிசை பெயர்த்து வாட்டம் கொடுத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்றார். இதைத் தாம் ஆரம்பத்திலேயே சொன்னதாகவும், அப்போது யாரும் கேட்கவில்லை என்றும் பொறியாளருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சேர்த்துக்கொண்டார். ரசமட்டம் தரையைப் பார்த்தார். பிறகு அறிவித்தார்: "தரையில யாரும் கை வைக்கக் கூடாது. கட்டுக் கட்டிடுங்க. அவளுக்குக் குளிப்பாட்ட ஒரு ஆயா வச்சுக்கலாம்."

டெலிபோன் அம்மா கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். எல்லாம் கேட்டது. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவர். சாயங்காலம் மகள் தொலைபேசியில் வந்து, "அம்மா, ஆயான்னா என்னம்மா, நல்லவங்களாப் பார்த்து அனுப்புறேன். ஒரு வாரத்துல பழகிடும்" என்றபோது, "ம்" என்றார். "கோவமா?" என்றபோது, "மூணு நிமிஷம் ஆயிடுச்சும்மா, வச்சிடு" என்றார். பழைய நிலையத்தில் அழைப்புக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு.

கட்டுக் கட்டுகிற நாள் காலையில் வீடு நிறைந்திருந்தது. டைல்ஸ்காரர் சிமெண்ட்டைக் குழைத்து வைத்திருந்தார். பொறியாளர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். புதிய ஆயா கையுறையோடு நின்றாள், கனத்த உடம்புக்காரி, தன் முந்தைய வீட்டில் இருந்த ஐயா எவ்வளவு சமர்த்தாகக் குளித்தார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வங்கி மேலாளர் தற்செயலாக வந்தவர் மாதிரி வந்திருந்தார். எல்லோரும் காபியை முடிப்பதற்குள் டெலிபோன் அம்மா குளியல் நாற்காலியை உருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஷவர் சத்தம் கேட்டது. நூலளவு இல்லை, முழுசாகத் திறந்திருந்தார்.

"இந்தா பாரு, கதவைத் திற. வேலைக்காரங்க நிக்கிறாங்க" என்றார் ரசமட்டம்.

உள்ளே இருந்து ஊருக்கே பழக்கமான அந்தக் குரல் வந்தது. "சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது?"

"நான் ஏன் விழுந்தேன்? தண்ணி ஏன் வெளிய போகுது? ரெண்டுக்கும் காரணம் சொல்லுங்க. சொன்னா நிறுத்துறேன். சொல்லலன்னா இந்தக் குழாய் இன்னைக்கு பூராவும் ஓடும்."

தண்ணீர் கதவடியில் வந்து கூடத்தில் இருந்தவர்களின் கால்களை நனைத்துவிட்டுத் தெருவுக்குப் போனது. ரசமட்டம் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார். மருத்துவர் தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்றார். தண்ணீர் இரண்டு மடங்கு கனத்தது, தெருவில் யாரோ கத்துவது கேட்டது. டைல்ஸ்காரன் அரைகுறை என்றார். டைல்ஸ்காரர், "சார் சொன்னாரு, நான் போட்டேன்" என்று தம் வாக்கியத்தைச் சொன்னார். தண்ணீர் நாற்காலிகளின் காலைத் தூக்கியது. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் வங்கி மேலாளர் வீட்டுச் சோபா மிதந்திருக்கும். அவரே, "சார், எதையாவது ஒப்புக்கிட்டுத் தொலைங்க சார்!" என்று கும்பிட்டார்.

"சரி, தப்பு நடந்துபோச்சு" என்றார் ரசமட்டம் கதவைப் பார்த்து.

தண்ணீர் நின்றது. ஆனால் திரும்பவில்லை. தப்பு எங்கோ, யார் வீட்டிலோ தானாக நடந்துபோன மாதிரி இருந்ததால், மேற்கொண்டு என்ன என்று காத்திருந்தது.

"யாரு தப்பு?" என்றது உள்ளே இருந்த குரல். அதட்டல் இல்லை. எண் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கிற குரல்.

ரசமட்டம் நிமிர்ந்து நின்றார். அவர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்பார், அப்படி நின்றே அவர் முதுகு வளைய மறந்திருந்தது. மலையை இறங்க வைத்தவர். அவருக்குத் தம் பாதங்களைப் பார்க்க வேண்டி வந்தது. ஈரத்தில் விரல்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. இந்த ஈரத்தில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஒருத்தி தினமும் போய் வருகிறாள் என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கதவருகே போய், மரத்தில் வாயை வைத்துக்கொண்டு சொன்னார். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் வாழ்நாளெல்லாம் அறிவித்தே பழகிய குரல், எல்லோருக்கும் கேட்டது.

"என் தப்பு. கட்டை உயரமாக் கட்டுனதும் என் தப்பு. நீ பார்த்துதான் நடந்தே. வாட்டம் இல்லாமப் போட்டதும் என் தப்பு."

அவர் தலை குனிந்தது. குனிந்த அளவுக்குத் தரை சரிந்தது.

அதிகம் இல்லை. மட்டம் பார்த்த அன்று குளியலறை மூலையில் மறந்துபோன கோலிக்குண்டு தானாக உருண்டு, வடிகால் ஓட்டையின் சல்லடை மூடியில் போய்த் தட்டிய சத்தம் கேட்டது. கூடத்துத் தண்ணீர் ஒரு கணம் நடுங்கிவிட்டுத் திரும்பியது. கீழ்த்தெருவில் மருந்துக்கடைக்காரர் காதோரமாக ஏதோ உரசிக்கொண்டு பின்னால் போவதை உணர்ந்தார். கட்டிலில் விரித்த போர்வையை ஒரு முனையைப் பிடித்து யாரோ இழுப்பது போல, அந்தரத்தில் நின்ற தண்ணீர் முழுவதும் சுருங்கிச் சுருங்கி, சீட்டாட்ட மன்றத்தைத் தாண்டி, தையற்கடையைத் தாண்டி, தபால் நிலையத் திருப்பத்தில் வளைந்து, மேட்டு வீடுகளின் சுவர்க்கோட்டை விட்டுவிட்டு, ரசமட்டம் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது. நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவடியில் புகுந்து, வடிகால் ஓட்டையில் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஷவர் சத்தம் மட்டும் இருந்தது. அதோடு ஒரு முணுமுணுப்பும் இருந்தது. பாட்டுத்தான், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

"அம்மாவுக்கு இப்ப நான் வேணுமா, வேண்டாமா?" என்று ஆயா கேட்டாள். குழைத்த சிமெண்ட் இறுகிப்போனதைப் பற்றி டைல்ஸ்காரர் கவலைப்பட்டார். இருவருக்கும் அன்றைய கூலி கொடுத்து அனுப்பினார்கள். பொறியாளர் அந்த அம்மா வெளியே வரும்வரை காத்திருந்து, தரையை மறுபடி அளந்தார். கருவி பழைய மட்டத்தையே காட்டியது, ஒரு மயிரிழைகூட மாறவில்லை. அவர் கருவியை மடித்து வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்ததாக மேலிடத்தில் சொன்னார். எப்படி என்று அவர்களும் கேட்கவில்லை.

அன்று மாலை பார்க்க வந்தவர்களிடம் ரசமட்டம், உண்மையில் தரை மட்டமாகத்தான் இருக்கிறது, பொறியாளரே அளந்து சொல்லிவிட்டார் என்று விளக்கினார். மறுநாள் தண்ணீர் தபால் நிலையம் வரை போனது. மறுபடி கதவருகே போய்ச் சொன்ன பிறகுதான் திரும்பியது. அன்றிலிருந்து இது ஒரு நடைமுறை ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தார், தண்ணீர் வாசலில் நின்றது. செருமலோடு நிறுத்திப் பார்த்தார், செருமலுக்கு அது அசையவே இல்லை. முழுசாகச் சொன்னால்தான் போகும். தொண்டை கட்டிய நாட்களில் கதவில் வாயை ஒட்டிக் காற்றாகச் சொன்னார், அதுவும் செல்லுபடி ஆனது. ஓய்வுபெற்ற அளவையர்கள் மாநாட்டுக்கு வெளியூர் போனபோது, தலைமையுரைக்கு நடுவில் கைபேசியில் அழைப்பு வந்தது. மேடையிலேயே எழுந்து நின்று, ஒலிபெருக்கி திறந்திருப்பதை மறந்து சொன்னார். வீட்டில் அந்த அம்மா தம் கைபேசியைச் சல்லடை மூடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மாநாட்டில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம். சில அளவையர்கள் அழுதார்கள் என்றும் கேள்வி. அவர்களுக்கும் வீட்டில் குளியலறை இருந்தது.

ஊரில் அதன் பிறகு சொல்லத்தக்க மாற்றம் ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரர் இப்போதும் கடைக்குள் நுழையும்போது குனிகிறார், பழக்கம் விடவில்லை. மேட்டு வீடுகளில் சிலர் சுவரில் இருந்த கோட்டின்மேல் வண்ணம் தீட்டிக்கொண்டார்கள். வங்கி மேலாளர் அதை ஒரு விரற்கடை தாழ்த்தித் தீட்டிக்கொண்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் அதைக் கேட்கிறார்கள். சீட்டாட்ட மன்றத்தில் காலை ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. வெங்காயம் விலை இறங்கவில்லை.

டெலிபோன் அம்மா தினமும் காலையில் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போகிறார். தாழ்ப்பாள் விழுகிறது. ரசமட்டம் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார், தரையில் வைத்திருக்கும் செய்தித்தாள் நனையாது. "ம், சொல்லுங்க" என்பார் அந்த அம்மா. ரசமட்டம் சொல்வார், தண்ணீர் வடிகாலில் இறங்கும். சில நாட்களில், நன்றாகக் கேட்ட பிறகும், தண்ணீர் கடகடவென்று போய்க்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்து குரல் வரும்: "லைன் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க."

ரசமட்டம் இன்னொரு தடவை சொல்வார். அந்த நாட்களில் தரை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.